கண்ணோடு காண்பதெல்லாம் – 14
ஆப்பிள், வீடு, கட்டம், வட்டம்

சோம்பேறிக் கண் பற்றிப் போன வாரமே சொல்லியாயிற்று. ஒரு கண் அனுப்புகிற சேதியை மூளை வாங்காமல் விட்டுவிடும். சின்ன வயதில் கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் பலன் அதிகம். முன்கதை அவ்வளவுதான். இந்த வாரம் பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகும் படலம்.

பார்வை பரிசோதிக்கும் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், வீட்டில் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று புரிந்துவிடும். "நல்லாப் பார்த்துச் சொல்லுடா! டிவி மட்டும் தெரியுதுல்ல?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். பையன் கண்ணைச் சுருக்குகிறான், கழுத்தை நீட்டுகிறான், மூடிய கண்ணின் விரலிடுக்கு வழியாகக் கள்ளப்பார்வை பார்க்கிறான். அடுத்து உள்ளே போகவேண்டிய வாண்டு, இவன் படிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடமே செய்துவிட்டது.

பள்ளிக்கூடம் பழக்கிய புத்தி இது. கேட்டால் சரியாகச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். டாக்டருக்கோ "தெரியல" என்பதும் நல்ல பதில்தான். எந்த வரியில் அது வருகிறது என்று பார்க்கத்தான் சுவரில் அந்த எழுத்து அட்டையே. "இது பரீட்சை இல்லை, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, யாரும் திட்ட மாட்டாங்க" என்பதை முந்தின நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவது பாதி வேலை. அறைக்குள் போனபின் வாயை மூடிக்கொண்டு உட்காருவது மீதிப் பாதி. அதுதான் பெற்றவர்களுக்குக் கஷ்டம்.

இனி அந்த அட்டை. 1862இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து டாக்டர் ஹெர்மன் ஸ்நெல்லன் போட்ட கணக்கு இன்றும் சுவரில் தொங்குகிறது. ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்கும் அட்டையில் உச்சி எழுத்தின் உயரம் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல கண் அதை அறுபது மீட்டரிலிருந்தே படித்துவிடும். எல்லாம் சரி, எழுத்தே தெரியாத மூன்று வயதுக்கு என்ன செய்வது?

படம் காட்டலாம் என்றார்கள். அமெரிக்காவில் 1957இல் ஹென்றி ஆலன் என்பவர் கொண்டுவந்த பட அட்டைகளில் பிறந்தநாள் கேக், கார், குதிரைமேல் ஆள், டெலிபோன் எல்லாம் உண்டு. அந்த டெலிபோன் பழைய காலத்து மாடல். செல்போனோடு பிறந்த தலைமுறை அதைப் பார்த்து விழித்தால் குற்றம் கண்ணிலா, காலத்திலா? இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. தூரத்தில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக மங்கும். காரை அதன் உருவத்தை வைத்தே கெட்டிக்காரப் பிள்ளை ஊகித்துவிடும். பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பின்லாந்தின் கண் டாக்டர் லியா ஹுவாரினென். 1976இல் அவர் தேர்ந்தெடுத்தவை நான்கே உருவங்கள்: ஆப்பிள், வீடு, கட்டம், வட்டம். பார்வையின் எல்லைக்கு அப்பால் போனதும் நான்கும் ஒரேபோல மங்கி, ஏறக்குறைய ஒரே வட்டமாகத் தெரியும்படி அளந்து வரைந்தார்! ஊகிக்க வழியே இல்லை. "எல்லாம் பந்து" என்று பிள்ளை சொன்னால் பார்வை அதோடு நின்றது என்று அர்த்தம். பெயரும் பிள்ளையின் இஷ்டம்தான். ஆப்பிளை 'ஹார்ட்' எனலாம், மாங்காய் எனலாம். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னால் சரி. பேசவே கூச்சப்படும் குழந்தை மடியில் இருக்கும் அட்டையில் அதே உருவத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். இத்தனை யோசித்த அம்மணிக்கு ஸ்நெல்லன் அளவுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்பதுதான் ஆற்றாமை.

நான்கையும் வெள்ளைத்தாளில் கறுப்பாக வரைந்து, போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விளையாட்டாகப் பழக்கலாம். எங்கள் ஊரில் 'ஈ' அட்டைதான் என்றால், அந்த ஆங்கில எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று மூன்று விரலால் காட்டச் சொல்லலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடவும் பழக்கவேண்டும். ஒரு கண்ணை மூடினால் மட்டும் பிள்ளை சிணுங்கி, கையைத் தட்டிவிடுகிறதா? அடம் என்று நினைத்து அதட்டவேண்டாம். மறுகண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் முதலில் சொல்லவேண்டிய சேதி அது.

அடுத்து, பரிசோதனையின்போது கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு வருவோம். "எரியவே எரியாது" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் இரண்டாவது கண்ணைத் திறக்கவைக்க நான்கு பேர் வேண்டும். "கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் நின்னுடும்" என்பதே உண்மை, அதையே சொல்லலாம். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோரத்தில் சொட்டு விடுவார்கள். இமையைத் திறந்ததும் மருந்து தானே உள்ளே இறங்கும். கண்பாவை விரியும்வரை காத்திருக்க வேண்டும், வெயில் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். தொப்பி, தீனி, பழைய கண்ணாடி இருந்தால் அது, மூன்றும் பையில் இருக்கட்டும். அன்றைக்கு வீட்டுப்பாடம் வேண்டாம். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொன்னால் ஆஸ்பத்திரிக்குத் தானே கிளம்பிவிடும்.

அந்தச் சொட்டு மருந்தை ஏன் விடுகிறார்கள் என்று சொல்ல இந்த வாரம் லியா அம்மையார் இடம் வைக்கவில்லை. அது அடுத்த வாரம், பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் கதையோடு. பிள்ளை வாயே திறக்காவிட்டாலும் பவரைக் கண்டுபிடித்துவிடும் ரெட்டினாஸ்கோப்பும் கூடவே வரும்.