யானையும் தேவாங்கும்

எமது நாட்டின் தரைவாழ் பாலூட்டிகளில் யானையைவிடப் பெரியது வேறில்லை. வளர்ந்த ஆண் யானையொன்று நான்கு தொன்னுக்கு மேலும் நிறை கொள்ளும். ஈரவலயக் காடுகளில் வாழும் செந்தேவாங்கோ ஏறத்தாழ 150 கிராம்தான். நல்ல மாம்பழமொன்று அதைவிடப் பாரமாயிருக்கும். ஆனாலும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆசிய யானையும் செந்தேவாங்கும் ஒரே பிரிவில், அழிவாபத்தை எதிர்நோக்கும் இனங்களாகவே இடம்பெற்றுள்ளன.

யானைக்கு நேர்வதை நாம் அறிவோம், பத்திரிகைகளில் வருகின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு 400க்கும் அதிகமான யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள் மறைத்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ என்பன முக்கிய காரணங்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் ஒரே தடவையில் மாண்டன. 22 மாதங்கள் சுமந்து ஒரு கன்றை ஈனும் விலங்குக்கு இது எளிதில் ஈடாகாத இழப்பு.

அதே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் யானைகளால் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு போக வேளாண்மையை ஒரே இரவில் இழந்த விவசாயியிடம் யானையின் அருமையைப் பேசுவது சுலபமல்ல. யானைகளை விரட்டிச் சரணாலயங்களுக்குள் அடைப்பதும் பயன் தரவில்லை. அவை நடமாடும் நிலத்தின் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியேதான் உள்ளது. அடைபட்ட இடத்திலோ இரை போதாது. காட்டைச் சுற்றி வேலி போடுவதைவிட, ஊரையும் வயலையும் சுற்றி மின்வேலி போட்டு, அறுவடை முடிந்ததும் வயல்வேலியைக் கழற்றிவிடும் முறையே சிறந்ததாகத் தெரிகின்றது. எஞ்சிய தாளை யானைகள் மேய்ந்துகொள்ளும்.

தேவாங்கின் கதை வேறு. மெலிந்த பிள்ளையை “தேவாங்கு மாதிரி” என்று கேலி செய்வோமே தவிர, அதை நேரில் கண்டவர்கள் நம்மில் சிலரே. அது இரவில் உலாவிப் பூச்சிகளைத் தின்னும். அதற்குப் பாயத் தெரியாது; கிளைக்குக் கிளை பற்றிப் பிடித்தே செல்லும். நமக்குச் சிறிய பாதையாகத் தெரிவது அதற்குப் பெரிய ஆறு. கிளைகள் தொடாத இடத்தில் நிலத்தில் இறங்கினால் நாயும் வாகனமும். மேலே சென்றால் மின்கம்பி. போதாக்குறைக்கு, அதன் கண்களை வசிய மருந்துக்கென்று பிடுங்கும் கொடிய மூடநம்பிக்கையும் இருந்து வந்துள்ளது.

ஹோர்ட்டன் சமவெளியில் அடர்ந்த உரோமமுள்ள தேவாங்கு வகையொன்று 1937இல் கண்டறியப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதென்றே கருதினார்கள். 2002இல் மீண்டும் தென்பட்டது. 2010இல்தான் அதன் புகைப்படங்கள் வெளியாகின. மலைக்காடுகள் தேயிலைக்காக அழிக்கப்பட்டதன் பின், எஞ்சிய துண்டுகளில் அது ஒளிந்து வாழ்ந்திருக்கின்றது.

யானைகளை நீர்நிலைகளின் அருகே காத்திருந்து எண்ணலாம். தேவாங்கை எண்ணுவதென்றால் ஆய்வாளர்கள் சிவப்பு ஒளி விளக்குடன் இரவு முழுவதும் காட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். இலைகளுக்கிடையில் இரண்டு கண்கள் மின்னினால், ஒன்று என்று குறித்துக்கொள்வார்கள்.