ஏழையின் உணவும் நமது அறிவுரையும்

ஏழைகள் நல்லுணவின் மதிப்பை அறியாததாலேயே நோயுறுகின்றனர் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. கீரை உண்ணுங்கள், பழம் உண்ணுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று எடுத்துரைப்பதோடு நமது கடமை முடிந்துவிடுவதாகவும் கருதுகிறோம். இவ்வெண்ணம் எந்த அளவிற்கு உண்மை என ஆராய்வது நலம்.

நீரிழிவைச் செல்வரின் நோய் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில், வசதியுடையோரைவிட வறியோரிடமே அந்நோய் மிகுந்திருந்தது. மேலும், 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையோர். வயிறு நிறைந்தும் உடல் நலிவதற்குக் காரணம் என்ன?

முதலாவது, விலை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பட்டினியைத் தடுக்கும் இத்திட்டத்தின் அருமையை நாம் மறுக்க இயலாது. எனினும் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நார்ச்சத்தும், இரும்புச்சத்து, பி வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதியும் நீங்குகின்றன. காய், கனி, மீன் ஆகியவற்றையோ சந்தை விலைக்கே வாங்கவேண்டும். கூலி குறையும் நாளில் குடும்பத்தலைவி முதலில் குறைப்பது காய்கறியையே. சோற்றின் அளவு குறைவதில்லை.

இரண்டாவது, நேரம். விடியுமுன் வேலைக்குச் செல்பவருக்குக் கீரையை ஆய்ந்து சமைக்க நேரமேது? சர்க்கரை மிகுந்த தேநீரும் ஒரு பன்னும் சில மணிநேரம் பசியை அடக்குகின்றன. அது அறியாமையன்று, கையிலுள்ள காசுக்கும் நேரத்திற்கும் ஏற்ற கணக்கு.

மூன்றாவது, இழப்பைத் தாங்கும் வலிமையின்மை. நம் வீட்டுப் பிள்ளைகள் புதிய உணவொன்றை ஒதுக்கினால் வேறொன்று சமைக்கலாம். அன்றாடங்காய்ச்சியின் வீட்டில் ஒதுக்கப்பட்ட உணவு அன்றைய கூலியில் ஒரு பங்கு. ஆகவே பிள்ளைகள் மறுக்காமல் உண்பதையே தாய் சமைக்கிறாள்.

இவற்றால் அறிவுரை முற்றிலும் பயனற்றது என்று நாம் கூறவில்லை. தனித்து நிற்கும் அறிவுரை பயனற்றது என்கிறோம். 1982இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளுக்குப் போதனை செய்வதோடு நிற்கவில்லை. அவர்கள் தட்டில் உணவை வைத்தன.

எனவே, ஏழையிடம் "நீர் ஏன் கீரை உண்பதில்லை?" என்று வினவுமுன், நம்மையே நாம் வினவிக்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் பெருக்கித் துடைப்போருக்கும் சமைப்போருக்கும் நாம் அளிக்கும் ஊதியம், நாம் அவர்களுக்குப் பரிந்துரைக்கும் உணவை வாங்கப் போதுமானதா?