பள்ளியில் இடம் கிடைத்தால் போதுமா?

"காது கேளாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வாத்தியாரையா? வீட்டிலேயே இருக்கட்டும்" என்று தோட்டத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. அமெரிக்காவில் பள்ளிகளே அப்படிச் சொன்ன காலம் இருந்தது. அந்நாட்டுப் பெற்றோர் நீதிமன்றம் சென்று அதை மாற்றினார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்காமல் விடச் சட்டம் இடம் தந்தது. பெற்றோர் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 1972இல் முடிந்த அவ்வழக்கில், அறிவு வளர்ச்சி குன்றிய, 6 முதல் 21 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தர அரசு உடன்பட்டது. அதே ஆண்டு, வாஷிங்டன் நகரப் பள்ளி வாரியம் "பணம் போதவில்லை" என்றது. நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் குறைந்தால், அந்தச் சுமையை உடற்குறையுள்ள பிள்ளையின் தலையில் கூடுதலாக ஏற்றக் கூடாது என்றார்.

1975இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதவேண்டும். அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு.

சரி, உள்ளே சென்ற பிள்ளை எவ்வளவு கற்கவேண்டும்? நியூயார்க் மாநிலத்தில் காது கேளாத சிறுமி ஒருத்திக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமெனப் பெற்றோர் கேட்டனர். அவள் வகுப்புத் தோறும் தேறி வருவதால் அது கட்டாயமில்லை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைக்குக் கல்வியால் பயன் கிடைத்தால் போதும் என்றது. பின்னர்ச் சில நீதிமன்றங்கள், அந்தப் பயன் பெயரளவுக்கு இருந்தாலே போதும் என்று கொண்டன.

கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய திட்டத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே குறிக்கோள்கள்தாம். பெற்றோர் தனியார் பள்ளியில் சேர்த்தனர், பையன் முன்னேறினான். கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வழக்காடினர். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பெயரளவுப் பயன் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்கு வழி செய்யும் திட்டம் வேண்டும்.

பெற்றோர்களே, சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஆனால் பள்ளிக்குச் சென்று, "போன வருடம் தெரியாதது எது, இந்த வருடம் என் பிள்ளைக்குத் தெரிகிறது?" என்று கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.