உடைந்த கண்ணாடி உலைக்குக் கொண்டுவருவது

2014 இல் யாங்கோனில் நாகார் கண்ணாடித் தொழிற்சாலை இருந்த காணிக்குப் போனேன். சௌக்தாட்ஜீ புத்தரின் கண்களைச் செய்த இடம். 2008 மே மாத நர்கிஸ் புயலோடு சிதைந்தது. சருகுக்கும் பாசிக்கும் நடுவே போத்தல்களும் குவளைகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. "இவ்வளவையும் அள்ளித் திரும்ப உருக்கினால் என்ன?" என்றார் கூடவந்த நண்பர். முன்னர் இரசாயனம் கற்பித்து, இப்போது போத்தல் தொழிற்சாலையில் இரவுவேலை செய்பவன் நான். பதில் என் தலையில் விழுந்தது.

உருக்கலாம். இலாபமும் உண்டு. சோடியம் காபனேற்றும் சுண்ணாம்புக்கல்லும் சூட்டில் காபனீரொட்சைட்டை விடவேண்டும். உடைந்த கண்ணாடி அதை முன்பே விட்டுவிட்டது. அதைப் பத்து வீதம் சேர்த்தால் எரிசக்தியில் ஏறத்தாழ மூன்று வீதம் மிச்சம்.

ஆனால் அது வெறுங்கையோடு வருவதில்லை. பாசியும் சருகும் உலையிற் காபனாகி ஒட்சிசனைப் பறிக்கும். மஞ்சட் சாயல் தரும் பெரிக் இரும்பு நீலப்பச்சை பெரசாகும், சல்பேற்று சல்பைட்டாகும். அந்தச் சல்பைட்டு எஞ்சிய பெரிக்கோடு சேர்ந்தால் மண்ணிறம். காற்றுக் குறைந்த சுவாலையும் இதே பக்கந்தான் தள்ளும்.

இன்னொன்று பலர் அறியாதது. மண்ணிறப் போத்தலிலுள்ள கந்தகம் சல்பைட்டு. வெள்ளைப் போத்தலில் அது சல்பேற்று. இரண்டும் ஒரே உலையிற் சந்தித்தால் தம்முள் தாக்கமுற்று கந்தகவீரொட்சைட்டை விடும், குழம்பு நுரைக்கும். எங்கள் தொழிற்சாலையில் ஓரிரவு இது நடந்தது. குப்பை கலந்துவிட்டோமென்று மேற்பார்வையாளர் எங்களை ஏசினார். குப்பை ஒன்றும் இல்லை, இரண்டும் சுத்தமான கண்ணாடி. சமன்பாட்டை அட்டைப்பெட்டி மூடியில் எழிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்து வைத்தார்.