கைநாட்டும் கடன் அட்டையும்



நமது அன்பியக் கூட்டங்களில் பயன்படுத்தும் ஏழு படி இறைவார்த்தைப் பகிர்வு முறை, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து நமக்கு வந்தது. அதில் ஒரு படியில், மனத்தைத் தொட்ட சொல்லையோ சொற்றொடரையோ அவரவர் உரக்க வாசிக்க வேண்டும். எந்தப் பங்கிலும் அந்த நேரத்தில் ஓரிருவர் "கண்ணாடி எடுத்து வரல ஃபாதர்" என்று சொல்லி, விவிலியத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் நகர்த்திவிடுவார்கள். அவர்களில் சிலருக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, எழுத்துதான் தெரியாது. ஐம்பது வயதில் அதை நாலு பேர் முன்னால் சொல்வது எளிதல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 73.44 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எழுத்து தெரியாது. நமது பெரும்பாக்கத்தில், தரைத்தளமும் அதற்குமேல் ஏழு மாடிகளுமாக நிற்கும் குடியிருப்புகளுக்குக் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பின்னும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, மின் அட்டை, குடும்ப அட்டை, குழுக் கடன் அட்டை என்று அவர்களின் வாழ்வே காகிதங்களால் ஆனது. அவற்றில் கைநாட்டு வைத்தவர்களுக்கு, எதற்கு வைத்தோம் என்பது பல நேரம் தெரியாது.

இவர்களுக்குக் கற்பிக்க நினைத்தால் முதலில் நமக்கு நினைவுக்கு வருவது "அ - அம்மா, ஆ - ஆடு" அட்டைதான். மூன்று நாள் வருவார்கள், நான்காம் நாள் வரமாட்டார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். காலை முதல் மாலை வரை வீட்டு வேலையும் சித்தாள் வேலையும் செய்துவிட்டு வருகிற ஒருவருக்கு, ஆட்டின் படத்தைக் காட்டி நாம் சொல்லித்தருவது என்ன?

இக்கேள்வியை ஆழமாகக் கேட்டவர் பிரேசில் நாட்டுக் கத்தோலிக்கரான பவுலோ ஃபிரெய்ரே (1921-1997). 1963-இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள ஆங்கிகோஸ் என்ற ஊரில், ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பயிற்சியில் எழுத்தறிவு அளிக்கும் முயற்சியை நடத்தினார். அவரது முறை எளியது. மக்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களில் சிலவற்றைத் தேர்வது, அந்தச் சொல் குறிக்கும் வாழ்வைப் பற்றி வட்டமாக உட்கார்ந்து பேசுவது, பிறகு சொல்லை அசை அசையாகப் பிரித்துப் புதுச் சொற்களை உருவாக்குவது. 'திஜோலோ' அவற்றுள் ஒன்று, செங்கல் என்று பொருள். செங்கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வீடு வரும், கூலி வரும், நகரம் வரும். 1964-இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சிறையிலடைத்தது, பின் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. செங்கல் என்று எழுதக் கற்றுக்கொடுத்ததற்கா என்று நமக்குத் தோன்றலாம். கூலியைப் பற்றிப் பேச வைத்ததற்கு என்பதே சரி.

நம் மாநிலத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துக்கொண்டது. பாடப்புத்தகத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்றும் கேட்டிருப்பார்கள். கல்குவாரியில் உழைத்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிளில் ஏறிய பிறகு தண்ணீருக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் எவரையும் எதிர்பார்க்காமல் போக முடிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியான தமது நூலில் இதை வியந்து எழுதியிருக்கிறார். எழுத்து, கணக்கு, உடல், பயணம், துணிவு எல்லாம் ஒரே பாடமாக வந்தன. பிரித்துப் பார்ப்பது பள்ளிக்கூட அட்டவணைதான், வாழ்க்கை அப்படிப் பிரிந்து வருவதில்லை.

பெரும்பாக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு பாடம் எப்படி அமையும்? குழுக் கடன் அட்டையை எடுத்துக்கொள்வோம்.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்கிறார்கள். பாயின் நடுவே அவரவர் அட்டை. முதல் நாள் இரண்டே சொற்கள்: கடன், வட்டி. இவற்றிலிருந்து க, ட, வ வரிசைகளை எடுத்தால் கூடு, காடு, கூடை, கோடை என்று சொற்கள் பிறக்கின்றன. கொஞ்ச நேரத்தில் யாராவது 'வீடு' என்பார்கள். பிறகு 'வாடகை'. ஆடு வராத வகுப்பில் வாடகை வந்துவிடுகிறது!

அடுத்த நாள் கணக்கு, புளியங்கொட்டையில். 12,000 ரூபாய்க் கடனுக்குப் பன்னிரண்டு கொட்டை, ஒன்று ஆயிரம். மாதம் ஒன்றாக எடுத்து வைத்தால் ஓர் ஆண்டில் தீரும். ஆண்டுக்கு 12 சதவீதம் 'ஃபிளாட்' வட்டி என்றால் வட்டி 1,440 ரூபாய், மாதத்துக்கு 120. கடைசி மாதம் பாயில் ஒரே கொட்டைதான் மீதி இருக்கும், அதற்கும் அதே 120 ரூபாய். மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் மாதம் ஒரு சதவீதம் என்று கணக்கிட்டால் முதல் மாதம் 120, அடுத்த மாதம் 110, இப்படியே இறங்கிக் கடைசியில் 10. மொத்தம் 780 ரூபாய். சொல்லும் சதவீதம் ஒன்றே, கொடுக்கும் பணம் ஏறத்தாழ இரு மடங்கு. இந்தக் கணக்கைச் சந்தையில் காய் விற்கும் பாட்டியே முதலில் முடித்துவிடுவார். உதவிக்கு வந்த கல்லூரி மாணவர் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் சட்டம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிமுறைகள், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் விவரத் தாளும் கடன் அட்டையும் தரவேண்டும் என்கின்றன. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மிரட்டி வசூலிக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அல்லாத தனியார் கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இருக்கிறது. இவற்றைக் கேட்டதும் ஒருவர் தன் அட்டையை மறுபடியும் கையில் எடுத்துப் பார்ப்பார். கைநாட்டு வைத்தவர் வாசகராகும் தருணம் அதுதான் என்பது என் எண்ணம்.

நான்காம் நாள் விவிலியம். நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் மக்கள் கூக்குரலிடுகிறார்கள். தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள் என்கிறார்கள். நெகேமியா தலைவர்களை மக்கள் மன்றத்தில் நிறுத்தி, வயல்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார், வட்டியையும் விடச் சொல்கிறார். அங்கே எபிரேய மூலத்தில் 'நூற்றில் ஒன்று' என்ற சொல் வருகிறது. அது மாதம் ஒரு சதவீத வட்டியைக் குறிக்கலாம் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. புளியங்கொட்டையில் எண்ணிப் பார்த்த அதே ஒன்று! இணைச்சட்டம் 24:6 மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது, ஏனெனில் அது ஒருவருடைய பிழைப்பு. தையல் இயந்திரத்தை அடகு வைத்தவருக்கு இதற்கு உரை தேவையில்லை. குருமடத்தில் நாங்கள் பல வகுப்புகளில் படித்ததை அவர் ஒரே மூச்சில் விளக்கிவிடுவார்.

இவையெல்லாம் பங்கின் வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். புனித ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட 'மக்களின் முன்னேற்றம்' சுற்றுமடலில், கல்விக்கான பசி உணவுக்கான பசியைவிடக் குறைந்ததல்ல என்ற கருத்தைச் சொல்லி, எழுத்தறிவை வளர்ச்சியின் முதல் தேவையாக வைத்தார். 1971-இல் வந்த பொது மறைக்கல்வி வழிகாட்டி, வளர்ந்தோர் மறைக்கல்வியையே மறைக்கல்வியின் தலையாய வடிவமாகக் கொண்டது. நாமோ ஞாயிறு மறைக்கல்வியைப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டோம். திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரிக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது, பொருள் புரியவில்லை. பிலிப்பு தேரின் கீழே நின்று போதிக்கவில்லை, ஏறி அவரருகில் அமர்ந்தார். அவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே தொடங்கினார்.

அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-இல் தொடங்கியது. 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதோருக்கானது அது. அதன் மையம் அருகில் இருந்தால் அங்கே அனுப்புங்கள், போட்டி வேண்டாம். பங்கினால் தர முடிவது அன்பிய வட்டம். தெருவுக்குத் தெரியாமல், தெரிந்தவர்கள் நடுவே தவறாக வாசிக்கவும் சிரிக்கவும் இடம் தரும் வட்டம் அது. ஆசிரியர் ஒருவரே வேண்டும் என்பதில்லை. வங்கியில் வேலை செய்பவர் ஒரு நாள், செவிலியர் ஒரு நாள், சட்டம் படித்தவர் ஒரு நாள் வரட்டும். ஆனால் அவர்கள் பேச்சுரை ஆற்றத் தொடங்கினால் அன்பாக நிறுத்திவிடுங்கள். முதலில் பாயில் இருக்கும் காகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடன் அட்டைக்குப் பிறகு மின் அட்டையை எடுக்கலாம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஒரு மணி நேரம். 75 வாட் மின்விசிறி பதின்மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகச் சுற்றும், 1,500 வாட் ஹீட்டர் நாற்பது நிமிடத்தில் அதைத் தின்றுவிடும். இதைக் கருவியோடு விளக்கிக் காட்ட எலக்ட்ரீஷியன் ஒருவர் தேவை. உங்கள் அன்பியத்தில் யாராவது இருந்தால் மாலைத் திருப்பலிக்குப் பின் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். மீட்டரும் கொண்டுவந்தால் நல்லது.