பொத்தானுக்கு ஒரு முகவரி

இணையப் பக்கமொன்றில் ‘பணம் செலுத்து’ என்ற பொத்தான் இருக்கிறது. நம் கண் அதை உடனே கண்டுகொள்ளும். ஆனால் ஒரு நிரல் அதை எவ்வாறு கண்டுபிடிக்கும்? இது வீண் கேள்வியன்று. நாம் செய்வதுபோலவே பொத்தான்களை அழுத்தி, இணையதளங்களைச் சோதிக்கும் நிரல்கள் உள்ளன. 2004-இல் அமெரிக்காவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம் இவற்றுள் ஒரு முன்னோடி.

உலாவி, பக்கத்தின் உறுப்புகளைக் கிளைவிட்ட மரம்போல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. உறுப்புக்குத் தனி அடையாளப் பெயர் இருந்தால் தொல்லையில்லை. இல்லையேல், ‘இரண்டாம் பெட்டிக்குள் மூன்றாம் பொத்தான்’ என்று வழி சொல்லவேண்டும். இது ‘தெருவில் மூன்றாம் வீடு’ என்று முகவரி எழுதுவது போன்றது. இடையில் ஒரு வீடு எழும்பினால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விடும்! அதுபோல், புதிய பொத்தான் ஒன்று முன்னால் சேர்ந்தால், சோதனை நிரல் ‘பணம் செலுத்து’ என்பதற்குப் பதிலாக ‘நீக்கு’ என்பதை அழுத்திவிடக்கூடும்.

இதற்கு வேறு வழி உண்டா? உண்டு. உறுப்பு எங்கே இருக்கிறது என்று கேளாமல், அதை உண்டாக்கியது எது என்று கேட்கலாம்.

2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. இதில் பக்கத்தைச் சிறுசிறு ‘கூறு’களாக எழுதுகிறார்கள். கூறு என்பது ஓர் அச்சு. ‘பணப்பொத்தான்’ என்று பெயரிட்ட கூறு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பொத்தானை வார்த்துத் தரும். செங்கல்லில் சூளைக்காரரின் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். கல் எந்த ஊருக்குப் போனாலும் அது பிறந்த சூளையை அம்முத்திரை சொல்லும் அல்லவா?

ரியாக்டும் தன் கூறுகளுக்கெனத் தனி மரம் ஒன்றை நினைவகத்தில் வைத்திருக்கிறது. 2017-இல் வந்த 16-ஆம் பதிப்பு முதல் இம்மரத்தின் கணுக்களுக்கு ‘ஃபைபர்’ என்று பெயர். கூறு எது, அதற்குத் தரப்பட்ட மதிப்புகள் எவை என்பன கணுவில் பதிவாகியிருக்கும். சோதனைக் கருவி வேரிலிருந்து இறங்கிப் பெயரைத் தேடுகிறது. கிடைத்ததும், அக்கணுவின் கீழுள்ள உண்மையான உறுப்பை அடைகிறது. ‘தொகை 500 உள்ள பணப்பொத்தான்’ என்று மதிப்பையும் சேர்த்துத் தேடலாம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரே கூறு பல உறுப்புகளை உண்டாக்கலாம். ஒன்றுமே உண்டாக்காமலும் இருக்கலாம். கூறுக்கு வேறு பெயர் இட்டாலும் முகவரி பொய்த்துவிடும். மேலும், தளத்தை மக்களுக்கு வெளியிடும்போது, நிரலின் அளவைக் குறைப்பதற்காக நீண்ட பெயர்களை ஓரிரு எழுத்துகளாகச் சுருக்குவது வழக்கம். முத்திரை தேய்ந்த செங்கல்! எனவே பெயர் சுருக்காத பதிப்பில் சோதிப்பதே நலம்.

நீங்களே இதைப் பார்க்கலாம். ‘ரியாக்ட் டெவலப்பர் டூல்ஸ்’ என்னும் இலவச நீட்சியை உலாவியில் நிறுவி, ரியாக்டால் ஆன தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கூறுகளின் மரம் தெரியும். அதில் பல பெயர்கள் ஓரெழுத்தாக இருக்கக் கண்டால் வியப்படைய வேண்டாம். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.