ஷேர்டு பூலில் யாருக்கு இடம்?

"சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது." புனேயின் ஹிஞ்ஜவடியில் டிபிஏ, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகி, வேலை பார்க்கும் எங்களுக்கு ராத்திரி வரும் போனெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். டிஸ்க் சரியில்லை, நெட்வொர்க் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது லைப்ரரி கேச்சைத்தான்.

வங்கிக் கவுன்ட்டரில் ஒருவர் இருப்பு கேட்கிறார். கம்ப்யூட்டர் ஒரு எஸ்க்யூஎல் வரியை அனுப்புகிறது. டேட்டாபேஸ் அதை அப்படியே ஓட்டிவிடாது. இலக்கணம் சரியா, அந்தப் பெயரில் டேபிள் உண்டா, கேட்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கும். எந்த இன்டெக்ஸ் வழியாகப் போனால் சீக்கிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு திட்டம் வகுக்கும். இதுதான் ஹார்டு பார்ஸ். சின்னக் கேள்விகளில் விடையை எடுப்பதைவிட இந்த ஆயத்தத்துக்கே அதிக நேரம் பிடிக்கும். மாவு அரைத்து வைத்துவிட்டால் தோசை வார்ப்பது நிமிஷ வேலை என்பதைப் போல, 1992-இல் வந்த ஆரக்கிள் 7, ஒருமுறை வகுத்த திட்டத்தை எல்லோருக்கும் பொதுவான நினைவகத்தில் வைத்துக்கொண்டது. அதுதான் ஷேர்டு பூல். அதற்குள் இருக்கும் லைப்ரரி கேச்சில் இந்தத் திட்டங்களோடு புரொசீஜர்கள், பேக்கேஜ்கள், ட்ரிகர்கள் எல்லாம் தங்குகின்றன.

வரி வந்ததும் அதன் எழுத்துகளிலிருந்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடப்படும். அதே வரி கேச்சில் இருந்தால் பழைய திட்டமே ஓடும். ஒரு ஸ்பேஸ் கூடினாலும், பெரிய எழுத்து சின்ன எழுத்தானாலும் அது வேறு வரி. கணக்கு எண் 1001 என்று வரிக்குள்ளேயே எழுதிவிட்டால், 1002 வரும்போது மறுபடி முதலிலிருந்து வேலை. லட்சம் கணக்குக்கு லட்சம் ஹார்டு பார்ஸ். எண்ணை வரிக்குள் எழுதாமல், தனியே பைண்ட் வேரியபிளாக அனுப்பினால் எல்லாக் கணக்குக்கும் ஒரே வரி போதும். வரிக்குள் திருட்டுக் கட்டளையைச் செருகும் தாக்குதலுக்கும் அதுவே தடுப்பு. அப்ளிகேஷன் எழுதும் பிள்ளைகளிடம் இந்த ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்பேன்.

ஒரு மாதக் கடைசி இரவு, ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் ஓரா-04031 என்ற பிழையோடு நின்றுவிட்டது. ஷேர்டு பூலில் கேட்ட அளவுக்கு இடம் இல்லை என்பது அதன் பொருள். கூட்டிப் பார்த்தால் காலி இடம் இருந்தது. ஆனால் எல்லாம் பொடித் துண்டுகள். இடம் தேவைப்படும்போது ஆரக்கிள், நெடுநேரம் யாரும் தொடாததை வெளியேற்றும். கேச்சில் இருப்பவற்றைக் காட்டும் வி டாலர் டிபி ஆப்ஜெக்ட் கேச் என்ற வியூவில் பில்லிங் பேக்கேஜுக்கு நேரே 'லோட்ஸ்' எண் ஏறிக்கொண்டே போனது. வெளியே போவதும் திரும்ப ஏறுவதுமாக அது அல்லாடியிருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை, ஒரே ஒருமுறை ஓடிய ஆயிரக்கணக்கான வரிகள்.

"மேடம், ஷேர்டு பூல் சைஸைக் கூட்டிவிடலாமா?" என்றான் கூட இருந்த பையன். கூட்டினால் குப்பை நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். கர்சர் ஷேரிங் என்ற செட்டிங்கை 'ஃபோர்ஸ்' என்று மாற்றினோம். அப்புறம் ஆரக்கிளே எண்களை எடுத்துவிட்டு பைண்ட் போட்டுக்கொண்டது. அது தற்காலிகக் கட்டுதான். அப்ளிகேஷனின் கோடைத் திருத்துவதே வைத்தியம்.

பில்லிங் பேக்கேஜை, வெளியேற்றப்படாமல் பூலிலேயே இருக்கும்படி, 'பின்' பண்ணினோம். டிபிஎம்எஸ் ஷேர்டு பூல் என்ற பேக்கேஜில் உள்ள 'கீப்' என்ற புரொசீஜர் அதைச் செய்கிறது. அதன் பிறகு பூலை ஃப்ளஷ் செய்தாலும் பேக்கேஜ் அசையாது. டேட்டாபேஸை நிறுத்தினால் மட்டும் போய்விடும். அதனால் அடுத்தமுறை ஸ்டார்ட் ஆனதும், நினைவகம் துண்டுபடும் முன்பே, ஸ்டார்ட்அப் ட்ரிகரில் வைத்து பின் பண்ணிவிட வேண்டும். பெரியவை, அடிக்கடி அழைக்கப்படுபவை என்று சிலவற்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எல்லாவற்றையும் பின் பண்ணினால் மற்றவற்றுக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

டேட்டாபேஸின் உள்வயிறு தெரிந்தவர்கள் புனேயில் நிறைய. டேட்டாபேஸில் டாக்டர் பட்டம் பெற்ற ஆனந்த் தேஷ்பாண்டே 1990-இல் இங்கேதான் பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸைத் தொடங்கினார். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கான நிறுவனமான எண்டர்பிரைஸ்டிபிக்கும் இங்கே அலுவலகம் உண்டு. இப்போது ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும் குழுக்கள், தாங்கள் பின் பண்ணிய பேக்கேஜ்களின் பட்டியலை எடுத்துவந்து, இதை எங்கே போடுவது என்று கேட்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸில் அதற்கென்று பொது இடம் கிடையாது. ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி பிராசஸ். வகுத்த திட்டமும் ஃபங்ஷனும் அதன் சொந்த நினைவகத்தில்தான் இருக்கும், பக்கத்து கனெக்‌ஷனுக்கு உதவாது. கனெக்‌ஷனை மூடினால் எல்லாம் போச்சு. முன்கூட்டியே தயார் செய்துவைக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டையும் முதல் ஐந்து முறை, வரும் மதிப்புக்கு ஏற்பப் புதிதாகவே திட்டமிடும். அதன் பிறகுதான் பொதுத் திட்டம் ஒன்று கட்டுப்படியாகுமா என்று பார்க்கும். ஆகவே கனெக்‌ஷன்களைத் திறந்து மூடாமல், நடுவில் ஒரு பூலர் வைத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். பிஜிபவுன்சர் என்ற பூலரின் டிரான்ஸாக்‌ஷன் பூலிங்கில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுகள் முன்பு தகராறு செய்யும். 2023-இல் வந்த 1.21 பதிப்பு அதற்கு வழிசெய்தது. மாறப்போகும் குழுவினர் அதில் உள்ள மேக்ஸ் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ஸ் என்ற செட்டிங்கை முதல் வாரத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.